டிராம்போன் இசைஞரும் திருச்சபை அவர்களுக்கு அளித்த கனமும்

திருச்சபை வரலாற்றை எழுதியோர் பேராயர், போதகர், மிஷனெரிகள், பாமாலை ஆசிரியர் ஆகியோரின் பெயர்களைக் கவனமாகப் பதிந்து வைத்துள்ளனர். ஆர்கன் வாசித்தோர் பெயர்களும் ஓரளவு நிலைபெற்றுள்ளன. ஆனால் ஐரோப்பியச் சீர்திருத்தத் திருச்சபைகளில் ஏறத்தாழ 400 ஆண்டுகளாகப் பண்டிகையிலும் அடக்க ஆராதனையிலும் சபையாரின் குரலைத் தாங்கி நின்ற டிராம்போன் இசைஞரைப் பற்றி நம் நூல்கள் பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றன. நம் ஊர்களில் பாண்டு வாத்தியக் குழுவில் நீண்ட பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதும் ஒருவரைக் கண்டிருப்போம். அக்கருவியே டிராம்போன். அதை ஊதியோரையும் ஊதக் கற்பித்தோரையும் திருச்சபை எவ்வாறு கனப்படுத்தியது என்று ஆராய்வது இசை வரலாற்றாருக்கு மட்டும் உரிய வேலையன்று. ஊழியத்திற்குத் திருச்சபை எத்தகைய கனத்தைத் தருகிறது, எத்தகைய கனம் ஊழியனைக் கெடுக்கிறது என்னும் வினாக்கள் இவ்வரலாற்றில் அடங்கியுள்ளன.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் மரித்தோரை எழுப்பும் கருவியைத் தமிழ் வேதாகமம் எக்காளம் என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் சால்பிங்க்ஸ். 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்ட மார்ட்டின் லுத்தர் இவ்விடத்தில் 'பொசௌனெ' என்ற சொல்லை வைத்தார். அவர் காலத்து ஜெர்மானியருக்கு அச்சொல் இழுகுழாய் பொருந்திய டிராம்போனையே குறித்தது. எரிகோவின் மதிலைச் சுற்றிய ஆசாரியர் ஊதிய ஆட்டுக்கடாக் கொம்பும், வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு தூதர் ஊதும் கருவியும் அவருடைய மொழிபெயர்ப்பில் 'பொசௌனெ' ஆயின. மொழிநூலார் இதைத் துல்லியமற்றது என்பர். அது உண்மையே. ஆயினும் மொழிபெயர்ப்பாளன் தேர்ந்த ஒரு சொல் ஒரு தொழிலாளர் கூட்டத்திற்கே இறையியல் பொருளை அளித்துவிட்டது. நகர மண்டபக் கோபுரத்தில் கூலிக்கு ஊதியவனைக் கண்ட ஜெர்மானியக் குடியானவன், கடைசி நாளின் ஓசை இவ்வாறுதான் இருக்கும் என எண்ணினான். 1869இல் முழுமையாக அரங்கேறிய தமது 'ஜெர்மன் ரெக்வியம்' என்னும் படைப்பில் இவ்வசனத்தை இசைத்த பிராம்ஸ், அவ்விடத்தில் டிராம்போன்களை முழங்கவைத்ததற்கு லுத்தரின் சொல்லே ஆதாரம்.

கருவியின் அமைப்பையும் சிறிது அறிதல் நலம். பண்டைய எக்காளத்தில் சில சுரங்களே பிறக்கும்; இடையிலுள்ள சுரங்களை உதட்டினால் மட்டும் பெற இயலாது. 15ஆம் நூற்றாண்டில் குழாயின் ஒரு பகுதியை மற்றொன்றின்மேல் வழுக்கி நீளச்செய்யும் முறை தோன்றிற்று. குழாய் நீள நீளச் சுரம் தாழ்ந்தது. இதனால் எல்லாச் சுரங்களும் கைவசமாயின. இன்றைய டிராம்போனில் இவ்வாறு கை நிற்கவேண்டிய இடங்கள் ஏழு. ஆனால் அவ்விடங்களைக் காட்டும் குறியோ தடுப்போ குழாயில் இல்லை. இசைஞன் தன் செவியைக் கொண்டே இடத்தைக் கண்டறிய வேண்டும். பாடகன் சுருதியை நாடுவதும் இவ்வாறே. சுருதி சிறிது விலகினால் அக்கணமே திருத்திக்கொள்ளலாம். பாடுவோருடன் இணைந்து ஒலிக்கத் தக்க பித்தளைக் கருவி நெடுங்காலம் இது ஒன்றே. ஆல்டோ, டெனர், பாஸ் என மனிதக் குரல்களுக்கு இணையான அளவுகளில் இதைச் செய்தனர். நியூரம்பர்க் நகரக் கன்னார் இத்தொழிலில் பெயர் பெற்றனர். அந்நகரில் எராஸ்முஸ் ஷ்னிட்சர் 1551இல் செய்த டிராம்போன் இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது.

ஜெர்மானிய நகரங்களில் 'நகர ஊதுவோர்' என்னும் தொழிற்குழுவினர் இருந்தனர். மாநகர சபையார் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தனர். கோபுரத்திலிருந்து வேளை தவறாது ஞானப்பாட்டு இராகங்களை ஊதுதல், ஞாயிறுதோறும் ஆலயத்தில் பாடகர் குழுவைத் தாங்கி வாசித்தல், திருமணங்களில் இசைத்தல் ஆகியவை அவர்கள் கடமை. லீப்சிக் நகரில் காலை 10 மணிக்குக் கோபுரத்தில் ஊதும் வழக்கத்திற்கென யோஹான் பெட்செல் 1670இல் ஓர் இசைத் தொகுதியையே அச்சிட்டார். அதே நகரில் காட்பிரீட் ரைக்கெ (1667–1734) 1696இல் ஒரு கார்னெட்டும் மூன்று டிராம்போன்களும் வாசிக்கத்தக்க 24 சிறு படைப்புகளை வெளியிட்டார். கார்னெட் என்பது இங்கு மரத்தாலான பழைய ஊதுகருவி. ரைக்கெ பிற்காலத்தில் செபஸ்தியான் பாக்கின் தலைமை எக்காளக்காரராக விளங்கினார். கையில் சுருள் எக்காளத்துடன் அவர் நிற்கும் ஓவியத்தை, பாக்கையும் வரைந்த ஹவுஸ்மன் வரைந்துள்ளார். கூலி இசைஞன் ஒருவனுக்கு ஓவியம் வரையப்பட்டது அக்காலத்தில் அரிய கனம். 1734 அக்டோபரில் அரசர் முன்னிலையில் தீப்பந்தங்களின் நடுவே பாக்கின் இசையை இரவில் ஊதிய மறுநாள், 67 வயதான அம்முதியவர் வீடு திரும்பும் வழியில் விழுந்து மரித்தார். பந்தங்களின் புகையால் அவர் மிகவும் வருந்தினார் என்று அக்காலத்து நாளேடு கூறுகிறது. அரசருக்குச் செய்யும் மரியாதை ஊதுபவனின் மூச்சைப் பறித்தது.

டிராம்போன் கற்பித்தலைப் பற்றி அச்சில் எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் தானியேல் ஸ்பெயர் (1636–1707). இவர் பிரெஸ்லௌவில் பிறந்து, கோப்பிங்கன் நகரில் பள்ளியாசிரியராகவும் ஆலய இசைஞராகவும் பணியாற்றிய லுத்தரன். 1687இல் வெளியான அவருடைய இசைப் பாடநூலில் டிராம்போனின் கைநிலைகள் விளக்கப்பட்டுள்ளன. பிற ஊதுகருவிகளுக்கு வேண்டிய உடல்வலிமை இதற்கு வேண்டாம், 8 அல்லது 10 வயதுச் சிறுவனும் கற்கலாம் என்பது அவர் கருத்து. இந்த ஆசிரியரை நாம் நினைவுகூர மற்றொரு காரணமும் உண்டு. பிரெஞ்சுப் படைகள் அந்நாட்டில் புகுந்த காலத்தில் அதிகாரிகளின் நடத்தையைக் கண்டித்துத் துண்டு நூல் எழுதியதற்காக 1689இல் அவர் சிறையிடப்பட்டார். கோபுரத்து இசைஞன் ஆபத்தைக் கண்டால் ஊதி எச்சரிக்கக் கடமைப்பட்டவன். எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தைப் படித்தோருக்கு இது புதிதன்று.

ஆலயத்தில் டிராம்போனுக்கு உரிய இடம் துக்கமும் உயிர்த்தெழுதலும் சந்திக்கும் இடமே என்பதை ஹைன்ரிக் ஷூட்ஸ் போல் உணர்ந்தவர் சிலரே. வெனிஸ் நகரில் கப்ரியேலியிடம் பயின்ற ஷூட்ஸ், 1629இல் அந்நகரிலேயே வெளியிட்ட தொகுதியில் அப்சலோமுக்காகத் தாவீது அழுத அழுகையை ஒரு தனிக்குரலுக்கும் நான்கு டிராம்போன்களுக்கும் அமைத்தார். முப்பதாண்டுப் போரில் ஜெர்மனி பிள்ளைகளை இழந்துகொண்டிருந்த காலம் அது. குரல் ஓய்ந்த இடத்தில் டிராம்போன்கள் அழுகின்றன. அவை ஓய்ந்தபின் தகப்பன் மீண்டும் மகனைக் கூப்பிடுகிறான். அப்பகுதியை 2 சாமுவேல் 18இலிருந்து பிரசங்கிக்கவிருக்கும் மாணவர் இவ்விசையை ஒருமுறையேனும் கேட்பது தகும். முதன்முதல் அதை வாசித்த நால்வரின் பெயர்களை எவரும் பாராட்டியதில்லை.

18ஆம் நூற்றாண்டில் நகர ஊதுவோர் முறை தளர்ந்தது. இங்கிலாந்தில் டிராம்போன் ஏறக்குறைய மறைந்தேபோயிற்று. 1784இல் ஹாண்டெல் நினைவு விழாவிற்கு டிராம்போன் வாசிப்போரைத் தேடி, இறுதியில் அரசரின் இராணுவ இசைக்குழுவில் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் இக்கருவியைச் சபையின் கருவியாகவே வளர்த்தோர் மொராவிய சகோதரர்.

மொராவியாவிலிருந்து அகதிகளாய் வந்தோர் 1722இல் சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் கிராமத்தைக் கட்டினர். இக்கூட்டத்தாரை நாம் அந்நியராகக் கருத வேண்டுவதில்லை. நிக்கோபார்த் தீவுகளுக்குச் செல்லும் நோக்குடன் 1760இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, அருகே 'சகோதரர் தோட்டம்' அமைத்து வாழ்ந்தோர் இவர்களே. ஹாலே மிஷனெரிகள் இவர்கள் வரவை விரும்பவில்லை என்பது நாம் அறிந்த கதை. 1732ஆம் ஆண்டு ஈஸ்டர் விடியற்காலையில் ஹெர்ன்ஹூட்டின் வாலிபர் சிலர் கல்லறை மேட்டில் கூடிப் பாடினர். இன்று உலகெங்கும் நடைபெறும் விடியற்கால ஈஸ்டர் ஆராதனைகளுள் பல இதன் வழிவந்தவை. 1730களிலேயே அக்கிராமத்தில் டிராம்போன்கள் ஒலிக்கலாயின. ஆர்கனைக் கல்லறைத் தோட்டத்திற்குத் தூக்கிச்செல்ல இயலாதன்றோ. திறந்த வெளியில் பாடும் சபைக்கு ஏற்ற கருவி இது என அவர்கள் கண்டனர்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அவர்கள் 1741இல் நிறுவிய பெத்லகேம் ஊரில் 1754இல் டிராம்போன் குழு ஏற்பட்டது. இன்றளவும் அது இடையறாது நடைபெற்று வருகிறது. அந்நாட்டில் தொடர்ந்து இயங்கிவரும் மிகப் பழைய இசைக்குழு அதுவே என்பர். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் ஆகிய நான்கு அளவு டிராம்போன்கள் ஞானப்பாட்டின் நான்கு குரல்களையும் அப்படியே ஏற்றன. ஊதியோர் நெசவாளர், கொல்லர், தச்சர், தோல் பதனிடுவோர் போன்ற கைத்தொழிலாளர். சம்பளம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த கடிகாரத் தொழிலாளர் ஜெதிதியா வைஸ் (1796–1873) தம் வாழ்நாளின் பெரும்பகுதி இக்குழுவில் ஊதினார். பகலில் ஊராருக்கு மணிக்கணக்கைச் செம்மை செய்தவர் அவரே. ஒருவருடைய நேரம் முடிந்தது என்று அறிவிக்கும் கூட்டத்திலும் அவர் இருந்தார்.

அவ்வாறு அறிவித்த முறை கவனிக்கத்தக்கது. சபையில் ஒருவர் மரித்தால் ஆள் அனுப்பிச் சொல்வதில்லை. ஆலயத்தின் உயரமான இடத்திலிருந்து டிராம்போன்கள் மூன்று இராகங்களை ஊதும். முதலாவது, நாம் பெரிய வெள்ளியன்று பாடும் பவுல் கெர்ஹார்ட்டின் பாடுகளின் பாட்டுக்குரிய இராகம். அதைக் கேட்டவுடன் ஊரார் வேலையை நிறுத்திச் செவிகொடுப்பர். இரண்டாவது இராகம் மரித்தவர் எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்பதைத் தெரிவிக்கும். மொராவியர் தம் சபையை மணமான சகோதரர், மணமான சகோதரிகள், விதவைகள், மனைவியை இழந்தோர், மணமாகாத சகோதரர், மணமாகாத சகோதரிகள், சிறுவர், சிறுமியர் என வகுத்து, ஒவ்வொரு வகுப்பிற்கும் ஓர் இராகத்தைக் குறித்து வைத்திருந்தனர். அதன்பின் முதல் இராகம் மறுபடியும் ஒலிக்கும். நோயுற்ற பிள்ளை இருந்த வீட்டில் தாய் அந்த இரண்டாம் இராகத்தை எவ்வாறு கேட்டிருப்பாள் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். சொல் ஏதுமின்றி, மரித்தவர் பெயரைக்கூடக் கூறாமல், ஒரு சபை முழுவதும் ஒரே கணத்தில் மரணச் செய்தியை ஞானப்பாட்டாகப் பெற்றது. ஊதியவனுக்கு அதைவிடப் பெரிய நம்பிக்கையை எச்சபையும் அளித்ததாகத் தெரியவில்லை.

அந்த இசைஞன் மரித்தால் அவனுக்குக் கிடைத்த கனம் யாது? அவனுடைய தோழர் அவனுக்காகவும் அதே மூன்று இராகங்களை ஊதினர். 'தேவனுடைய வயல்' என்று அவர்கள் அழைத்த கல்லறைத் தோட்டத்தில் மற்றவர் கற்களைப் போன்றே தரையோடு தரையாய்ப் படிந்த ஒரு கல். ஆளுநர் மகளும் அடிமையாய் இருந்தவனும் பெறும் கல்லின் அளவு ஒன்றே. அடக்க ஆராதனையில் அவனுடைய வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கப்படும். பெரும்பாலும் அவரவர் தாமே எழுதிவைத்த அக்குறிப்புகளில் தம் பாவங்களையும் சந்தேகங்களையும் எழுதத் தவறியதில்லை. இவ்வகைக் குறிப்புகள் பல்லாயிரம் மொராவிய ஆவணக் காப்பகங்களில் உள்ளன. கனத்தையும் உண்மையையும் ஒருங்கே பேணிய இம்முறை நம் நாட்டு அடக்க ஆராதனைப் புகழுரைகளுக்கு நேர் எதிரானது.

பெத்லகேம் டிராம்போன்களைப் பற்றி ஒரு கதை நெடுநாளாக வழங்குகிறது. 1755ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடியலில் ஊரைத் தாக்க வந்து பதுங்கியிருந்த செவ்விந்தியர், கோபுரத்திலிருந்து எழுந்த இசையைக் கேட்டு, இவ்வூரைப் பெரிய ஆவி காக்கிறது என அஞ்சித் திரும்பினர் என்பது அக்கதை. அதே ஆண்டு நவம்பரில் மகோனி ஆற்றங்கரையிலிருந்த மொராவிய மிஷன் நிலையம் தாக்கப்பட்டுப் பலர் கொல்லப்பட்டது வரலாறு. கிறிஸ்துமஸ் கதையை வரலாற்றாசிரியர் ஏற்கத் தயங்குகின்றனர். பிரசங்கத்திற்கு இனிய உவமை ஆயினும் இதை எடுத்தாளுவோர் மற்றொரு நிகழ்ச்சியையும் சேர்த்துக் கூறுதல் நீதியாகும். 1782 மார்ச் 8ஆம் நாள் ஓஹாயோவிலுள்ள கனாடன்ஹூட்டனில் மொராவிய சபையைச் சேர்ந்த 96 செவ்விந்தியக் கிறிஸ்தவர்களை, ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி, பென்சில்வேனியாவின் வெள்ளைக் குடிப்படையினர் கொன்றனர். முந்தின இரவு அவர்கள் ஜெபித்தும் ஞானப்பாட்டுகள் பாடியும் கழித்தனர். அப்பாட்டுகள் எந்தக் கரத்தையும் தடுக்கவில்லை. இசையினால் அடங்கியவர் 'காட்டுமிராண்டிகள்' என்ற கதை நிலைத்தது. இசைக்கு அடங்காத கிறிஸ்தவரைப் பற்றிய வரலாறு மங்கிற்று.

மொராவியர் சென்ற இடமெல்லாம் பித்தளை இசையும் சென்றது. லாப்ரடார் பனிக்கரையில் இனுவிட் மக்கள் இவ்விசையைத் தமதாக்கிக்கொண்டு ஈஸ்டர் காலையில் ஊதினர். தென்னாப்பிரிக்காவின் ஜெனடெண்டால் வழிவந்த சபைகளில் பித்தளைக் குழுக்கள் இன்றும் வலுவாக உள்ளன. அங்கெல்லாம் கற்பித்தவர் பெயர்கள் அறிக்கைகளில் வந்தன. கற்றுத் தேர்ந்து தம் பிள்ளைகளுக்கும் கற்பித்த அம்மண்ணின் மக்கள் பெயர்கள் குறைவாகவே வந்தன. மிஷன் வரலாற்றில் நாம் பழகிய குறை இது.

19ஆம் நூற்றாண்டில் டிராம்போன் கச்சேரி மண்டபத்திற்குள் நுழைந்தது. அதன் பின்னும் ஆலய வாசனை அதைவிட்டு நீங்கவில்லை. 1812இல் லின்ஸ் நகரில் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்காக பேத்தோவன் நான்கு டிராம்போன்களுக்கு எழுதிய சிறு படைப்புகள், 1827 மார்ச் 29 அன்று அவருடைய சவ அடக்கத்திலேயே ஒலித்தன. லீப்சிக்கில் நகர இசைஞர் மரபில் வளர்ந்த கார்ல் திரௌகாட் குவைசர் (1800–1846) டிராம்போனைத் தனிக்கருவியாக வாசித்துப் பெரும்புகழ் எய்தினார். பெர்டினாண்டு டேவிட் அவருக்கென எழுதிய படைப்பு 1837 டிசம்பரில் மெண்டல்சன் தலைமையில் அரங்கேறியது. இசையமைப்பாளர் ஷூமன் அவரை டிராம்போன் தெய்வம் என்றே புகழ்ந்தார். பத்திரிகையாளர் வழக்கப்படி கூறிய சொல்லாயினும் முதல் கற்பனையை அறிந்தோருக்கு அது சற்று உறுத்தும். டிராம்போன் அடிக்கடி பயன்படுத்தக் கூடாத அளவுக்குப் பரிசுத்தமானது என மெண்டல்சன் எண்ணினார் என்று சொல்லப்படுகிறது. 1840இல் லீப்சிக் புனித தோமா ஆலயத்தில் அரங்கேறிய தம் துதிப்பாடற் சிம்பொனியை அவர் டிராம்போன்களைக் கொண்டே தொடங்கியது யாவரும் அறிந்தது.

அதே காலத்தில் ஜெர்மனியின் மிண்டன்–ராவென்ஸ்பர்க் பகுதியில் எழுப்புதல் பரவியது. யோலன்பெக் போதகர் போல்கெனிங் நடத்திய மிஷன் திருவிழாக்களில் ஆயிரக்கணக்கான மக்கள் திறந்த வெளியில் கூடினர். அவர்களுடைய பாட்டைத் தாங்க 1843இல் அவ்வூர் வாலிபர் ஒரு 'பொசௌனென் கோர்' அமைத்தனர். லுத்தரின் வேதாகமச் சொல்லே குழுவின் பெயராயிற்று. உள்ளே டிராம்போனுடன் பிற பித்தளைக் கருவிகளும் இருந்தன. இவ்வியக்கத்திற்கு வடிவம் கொடுத்தோர் கோபீல்டு போதகர் எடுவார்டு கூலோவும் (1822–1891) அவர் மகன் யோஹான்னஸ் கூலோவும் (1856–1941).

மகன் கூலோவும் ஒரு போதகர். 1890களில் பீலபெல்டு அருகேயுள்ள பெத்தேல் நிறுவனத்தில், வலிப்பு நோயாளிகளிடையே மூத்த போடல்ஷ்விங் நடத்திய ஊழியத்தில் சேர்ந்து, உதவிக்காரர் சகோதரக் கழகத்தை நெடுங்காலம் நடத்தினார். அவர் செய்த ஒரு சீர்திருத்தம் சிறியதாகத் தோன்றினும் ஆழமானது. இராணுவ பாண்டுகளில் கருவிக்குக் கருவி சுரக்குறிப்பு வேறுபடும். ஏட்டில் ஒரு சுரம், காதில் வேறொரு சுரம். ஆகவே பாண்டுக்காரன் ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க இயலாது. கூலோ தந்தையும் மகனும் இம்முறையைத் தள்ளி, ஒலிக்கும் சுரத்தையே எழுதும் முறையைக் கொண்டனர். ஆர்கன் வாசிப்பவரும், நான்கு குரலில் பாடுவோரும், ஊதும் குடியானவனும் ஒரே ஏட்டைப் பார்த்தனர். இதற்கென அவர்கள் வெளியிட்ட இசைத் தொகுதிகள் ஜெர்மனியெங்கும் பரவின. ஊதுவது பாடுவதைப் போலவே இருக்கவேண்டும் என்பது மகன் கூலோவின் ஓயாத போதனை. பாட்டின் சொற்களை மனத்தில் சொல்லாமல் ஒரு சுரத்தையும் ஊதலாகாது என்பார். பாளையத்தின் இசையைச் சபையின் இசையாக மாற்றியவர் என்று அவரைக் கூறினால் மிகையாகாது.

ஆனால் பாளையம் வேறு வாயிலால் உட்புகுந்தது. ஆயிரக்கணக்கான இசைஞர் அவர் கையசைவில் ஊதினர். மக்கள் அவரை 'டிராம்போன் ஜெனரல்' என்றனர். அப்பட்டம் அவருக்கு உகந்ததாகவே இருந்தது. பேரரசையும் அரசரையும் நேசித்த அக்காலப் போதகர் பலரைப் போன்று அவரும் 1918இன் தோல்வியை மனத்தளவில் ஏற்கவில்லை. முதுமையில் ஹிட்லரை வெளிப்படையாகப் போற்றினார்; அவருடைய கட்சியிலும் உறுப்பினரானார். 1933, 1934ஆம் ஆண்டுகளில் திருச்சபையின் பித்தளைக் குழுக்கள் யாவும் அரசின் இசை மன்றத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. 1940இல் நோயாளிகளைக் கொல்லும் அரசின் இரகசியத் திட்டம் ஜெர்மனியின் மருத்துவ நிலையங்களை எட்டியபோது, பெத்தேலின் தலைவராயிருந்த இளைய போடல்ஷ்விங் அதைத் தடுக்க அதிகாரிகளிடம் வழக்காடினார். அவருடைய நண்பர் பவுல் பிரௌனெ கண்டன அறிக்கை எழுதிச் சிறை சென்றார். கூலோ அதே பெத்தேலில் 1941இல் மரித்தார். நோயாளிகளுக்குப் பாட்டைக் கொண்டுவந்த முதியவர், அவர்களை வாழத் தகுதியற்றோர் எனக் கருதிய ஆட்சியைப் போற்றியவராகவே கண்மூடினார்.

இவரை எவ்வாறு கனம்பண்ணுவது? அவருடைய இசைப் பணியை மட்டும் எடுத்து மற்றதை மூடிவைத்த நூல்கள் போருக்குப் பின் பல வந்தன. அது தவறு என்பது என் கருத்து. அவர் கற்பித்த யாவும் இதனால் பொய்த்துவிட்டது என்பதும் சரியன்று. அவர் அமைத்த சுரக்குறிப்பு முறையில் இன்றும் சபைகள் துதிக்கின்றன. மொராவிய வாழ்க்கைக் குறிப்பின் முறையில் அவருடைய வாழ்வு எழுதப்பட்டிருக்குமாயின் இரண்டும் ஒரே தாளில் இடம்பெற்றிருக்கும். ஜெனரல் என்ற பட்டம் அதற்கு இடம் தருவதில்லை. சிறை சென்ற ஸ்பெயருக்கு எவரும் பட்டம் சூட்டவில்லை என்பதும் நினைவிற்கு வருகிறது.

போருக்குப் பின் வெஸ்ட்பாலியாவில் வில்ஹெல்ம் ஏமன் 1948இல் ஹெர்போர்டில் ஆலய இசைப் பள்ளியை நிறுவி, ஷூட்ஸ், கப்ரியேலி, ரைக்கெ ஆகியோரின் இசையைப் பித்தளைக் குழுக்களுக்கு மீட்டுக்கொடுத்தார். இதனால் மென்மையான பழைய டிராம்போன் ஒலி மீண்டும் மதிப்புப் பெற்றது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் வேறொரு மரபு எழுந்தது. கறுப்பின மக்களின் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1927இல் ஏழு பிரசங்கங்களைக் கவிதை வடிவில் வெளியிட்டபோது, அந்நூலுக்குத் 'தேவனுடைய டிராம்போன்கள்' எனப் பெயரிட்டார். பழைய நீக்ரோப் பிரசங்கிகளின் குரலில் இருந்த முழக்கம், கெஞ்சல், இடி, இரகசியப் பேச்சு ஆகிய அனைத்தையும் ஏற்கக்கூடிய கருவி டிராம்போன் ஒன்றே என்பது அவர் முன்னுரையில் காட்டும் காரணம். எழுதப் படிக்கத் தெரியாத பிரசங்கிகள் பலரை அவர் இவ்வாறு கனப்படுத்தினார். பிரசங்கக் கலை பயிலும் நம் மாணவர் இந்நூலைத் தேடிப் படிக்கலாம்.

அதே 1920களில் கேப் வெர்டே தீவிலிருந்து குடியேறிய சார்ல்ஸ் கிரேஸ் என்பவர் வளர்த்த 'சகல மக்களுக்கும் ஜெப வீடு' என்னும் சபைகளில் டிராம்போன் குழுக்களே ஆராதனையின் முதுகெலும்பாயின. ஆர்கன் வாங்கப் பொருளற்ற ஏழைச் சபைகள் அவை. ஒருவர் முன்பாடகரைப் போல் உரத்து ஊத, ஏழெட்டு டிராம்போன்கள் சபையாராய் மறுமொழி கூறும். ஏடு இல்லை, சிறுவர் பெரியோருக்கு அருகே நின்று செவியாலேயே கற்கின்றனர். நியூயார்க் ஹார்லெமில் புகழ்பெற்ற குழு ஒன்று 'இடிமுழக்க மக்கள்' என்று பெயர் பூண்டது. செபெதேயுவின் குமாரருக்கு ஆண்டவர் இட்ட பெயர் இது. ஹெர்ன்ஹூட் கல்லறை மேட்டிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது போல் தோன்றினும், டிராம்போன் சபையின் குரல் என்ற எண்ணம் இங்கும் மாறவில்லை.

உலகியல் கல்விக்கூடங்களில் ஒருவரை மட்டும் குறிப்பிட்டு அமைவோம். ராச்செஸ்டர் நகர ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் எமரி ரெமிங்டன் (1892–1971) 1922 முதல் மரிக்கும் ஆண்டு வரை 49 ஆண்டுகள் டிராம்போன் கற்பித்தார். அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் அவர் மாணவர் நிறைந்தனர். அவர் விட்டுச்சென்ற பயிற்சிகள் கடினமானவை அல்ல: நீண்ட சுரங்கள், ஒவ்வொரு காலையும் மெதுவாக, பாடுவது போல. மாணவருடன் அவரும் பாடுவார். அவருக்கும் ஒரு பட்டம் இருந்தது. மாணவர் அவரைத் 'தலைவர்' என்றே அழைத்தனர். ஆனால் அவர் அவர்களைப் பந்தயத்திற்கு மட்டும் ஆயத்தம் செய்யாமல், எல்லாரும் ஒருங்கே ஊதும் டிராம்போன் குழுவாகவும் கூட்டினார்.

ஜெர்மனியில் 2016இல் பொசௌனென் கோர் மரபு அந்நாட்டின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு திரெஸ்டன் நகரில் கூடி ஊதியோர் 17,000க்கு மேற்பட்டவர். ஏறத்தாழ 1 இலட்சம் பேர் அந்நாட்டுச் சபைக் குழுக்களில் ஊதுகின்றனர். பெண்களும் சிறுமியரும் அவர்களுள் பெருந்தொகையினர். புதிதாய்ச் சேரும் பிள்ளைக்குக் கருவியைச் சபையே இரவல் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். கற்பிப்பவர் பெரும்பாலும் அதே குழுவில் ஊதும் முதியவர் ஒருவர். வாரத்தில் ஒரு மாலை, ஆலயத்தின் பக்க அறையில், தம் வேலை முடிந்தபின் வந்து கற்பிக்கிறார்.